சிவாலயச் சுவரோவியங்களைப் பேணுதல்: சிங்கவரம் முதல் தஞ்சை வரை

செஞ்சிக் கோட்டைக்கு வடபால், பாறைக் குன்றுகளின் நடுவே சிங்கவரம் என்னும் சிற்றூர் உள்ளது. பள்ளிகொண்ட பெருமாளைக் குன்றின் பாறையிலேயே வடித்தமைத்த பல்லவர் காலத்துக் குடைவரையால் இவ்வூர் வைணவ அன்பரிடையே பெயர் பெற்றது. ஆயினும் சைவர்க்கும் இவ்வூரோடு பழந்தொடர்பு உண்டு. இதன் பழம்பெயர் சிங்கபுரம். இதனைத் தலைமையாகக் கொண்ட நிலப்பகுதி சிங்கபுர நாடு எனக் கல்வெட்டுக்களில் வழங்கும். பழஞ்செஞ்சி எனப்படும் மேலைச்சேரியில் பாறையைக் குடைந்தெடுத்த சிவாலயம் ஒன்றுண்டு. சந்திராதித்தன் என்னும் அரசன் சிங்கபுரத்தில் சிகரி பல்லவேச்சுரம் என்னும் பெயரால் சிவபெருமானுக்கு இக்கோயிலை எடுத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. அங்கு எழுந்தருளியுள்ள சிவலிங்கம் வேறிடத்திருந்து கொணர்ந்து நிறுவப்பட்டதன்று, தாய்ப்பாறையிலேயே வடிக்கப்பட்டது. சிங்கவரத்தை அடுத்த திருநாதர்குன்றிலோ, சமண தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் உருவங்களும், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி பொறித்த கல்வெட்டும் காணப்படும். மூன்று சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்து கல்லிலே தம் நெஞ்சைப் பதித்துச் சென்ற நாடு இஃது என்க.

இக்குடைவரைகளுட் புகுந்து காண்பார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சுவர்கள் வெறுங்கல்லாய் நிற்கின்றனவே. பல்லவர் காலத்துக் கோயில்களெல்லாம் கட்டுவித்தோர் நாளிலும் இவ்வாறே நின்றனவோ, அன்றி, வண்ணம் பூண்டு விளங்கிப் பின்னர் அதனை இழந்தனவோ? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் உள்ளது. செங்கல்லின்றி, மரமின்றி, உலோகமின்றி, சுதையின்றி, பிரமன் ஈசன் திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை ஆக்கினான் என்னும் கருத்துப்பட அங்கே வடமொழிச் சுலோகம் ஒன்று பொறிக்கப்பட்டிருத்தல் அறிஞர் நன்கறிந்ததே. அதற்கணித்தாகிய தளவானூரில் சத்துருமல்லேச்சுரம் என்னும் அவன் எடுத்த சிவாலயம் உள்ளது. சமணச் சார்பினின்று நீங்கி இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியவன் இவ்வரசன் என்பதைத் திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டும், அப்பர் சுவாமிகள் வரலாறும் ஒருங்கே உணர்த்தும். இவனுடைய பட்டப்பெயர்கள் பலவற்றுள் ‘சித்திரகாரப்புலி’ என்பதும் ஒன்று. ஓவியர்க்குள் புலி போல்வான் என்பது பொருள். மாமண்டூர்க் கல்வெட்டிலே மத்தவிலாசம் முதலியவற்றோடு தட்சிணசித்திரம் என்னும் பெயரும் சிதைந்த வரிகளினிடையே காணப்படுதலின், ஓவிய இலக்கணத்திலும் இவன் கருத்தூன்றியவன் என்று ஆராய்ச்சியாளர் கொள்வர்.

அற்றேல், சுதையின்றி எடுத்தேன் என்று கூறியவன் சுவரிற் சுண்ணம் பூசி ஓவியந் தீட்டினான் என்றல் முரணாகாதோ எனின், ஆகாது. கல்வெட்டுக் கூறுவது கட்டடத்தைத் தாங்கும் பொருள்களைப் பற்றியது. கல்லைக் கல்லோடு பிணைத்தற்குச் சுதை வேண்டாமை கூறினானேயன்றிச் சுவருக்கு அணியாகப் பூச்சே இட்டிலேன் என்று கூறினானல்லன். மாமண்டூர்க் குடைவரையில் வண்ணச் சுவடுகள் இருந்தமையை ஆராய்ச்சியாளர் குறித்துள்ளனர். சித்திரகாரப்புலி என்று பெயர் கொண்டான் ஒருவன் தன் கோயிற் சுவரைத் தீட்டாது விட்டான் என்று கருதுதலே அரிது. ஆனால், அவன் கைப்பட்டதோ, அவன் ஏவலாளர் கைப்பட்டதோ, ஓர் உருவமேனும் முழுமையாக நமக்கு எய்தவில்லை. புலியின் பெயர் கிடைத்தது, சுவடு கிடைத்திலது.

ஓவியத்தைக் கோயிலுக்குப் புறவணி என்று மட்டும் எண்ணுதல் பிழை. சிற்ப நூல்கள் திருவுருவங்களை மூவகைப்படுத்திக் கூறும். எல்லாப் பக்கமும் புலப்பட முழுமையாய் அமைந்தது சித்திரம். சுவரினின்று பாதியுருவமாய்ப் புடைத்தெழுந்தது சித்திரார்த்தம். சுவரிலும் துணியிலும் வண்ணத்தால் தீட்டியது சித்திராபாசம். கல்லிலும் செம்பிலும் அமைந்த திருமேனிக்கு இடந்தந்த நூல், தீட்டிய திருமேனிக்கும் அவ்வரிசையிலேயே இடந்தந்தது. கல்லுருவம் உடைந்தால் ஊரார் அலறுகின்றனர். செப்புத்திருமேனி களவுபோனால் நாடே பதறுகின்றது. ஓவியத் திருமேனியின்மேல் ஒரு வாளி சுண்ணாம்பு வீழ்ந்தால் ‘கோயில் துப்புரவாயிற்று’ என்று மகிழ்கின்றோம். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று யாம் அறியேம். நூலினின்று வந்ததன்று என்பது மட்டும் உறுதி.

செஞ்சிக்குத் தெற்கே, ஏரிக்கரையை அடுத்தெழும் குன்றின்மேல், பனைமலைத் தாளகிரீசுவரர் கோயில் நிற்கின்றது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்மனாகிய இரண்டாம் நரசிம்மவர்மன், கி. பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்தது இது. கருவறையின் பின்சுவரில் சோமாஸ்கந்தர் திருவுருவம் புடைத்தெடுக்கப்பட்டுள்ளது. இஃது இராசசிம்மன் கோயில்களின் அடையாளம். விமானத்தைச் சார்ந்து சிறு கோட்டக் கோயில்கள் அமைந்துள்ளன. அவற்றுள் வடபாலுள்ளதன் உட்சுவரில் ஓர் ஓவியம் எஞ்சியுள்ளது. உமாதேவியார் ஒரு திருவடியை ஊன்றி, மற்றதை மடித்து, மணிமுடி தரித்த திருமுடி சற்றே சாய, மேலே குடை நிழற்ற நிற்கின்றார். அவர் நோக்குவது எதனை? அடுத்த சுவரிலே பல கைகள் வீசி ஆடும் பெருமானை. பெருமான் திருவுருவோ பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது; சில கோடுகளும் சில கைகளும் வண்ணத்தின் நிழலுமே எஞ்சின. காண்பவளாகிய அம்மை நிற்க, காணப்பட்ட கூத்து மறைந்தது. பெருமான் ஆடல் புரிவது உயிர்களின் பொருட்டென்றும், அதனை அம்மை உடனிருந்து காண்டல் அவ்வுயிர்கள் தாங்குமாறு அருள்செய்தற்கென்றும் சித்தாந்த நூலோர் உரைக்கும் உண்மையை, எழுத்தறியாதவனும் கண்டுணருமாறு அமைத்த சுவர் அது. ஏறத்தாழ 1300 ஆண்டுகட்கு முன் செய்தது.

இவ்வோவியத்தை அறிஞருலகிற்கு அறிவித்தவர் புதுச்சேரியில் பேராசிரியராயிருந்த பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ரேய். பல்லவர் வரலாற்றிற்கும் தென்னாட்டுக் கட்டடக் கலைக்கும் அவர் செய்த தொண்டு பெரிது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் திருச்சுற்றிலுள்ள சிறு கோயில்களில், பிற்காலத்துப் பூச்சின் அடியிலிருந்து பல்லவர் ஓவியங்கள் வெளிப்பட்டதும் 1931-இல் அவர் முயற்சியாலேயே. அங்குள்ளவற்றுள் சோமாஸ்கந்தர் ஓவியம் ஒன்று சிறப்புடையது. கருவறையிற் கல்லிலே புடைத்துக் காட்டிய திருவுருவையே சிறு கோயிலில் வண்ணத்தால் தீட்டிக் காட்டியிருத்தலை நோக்குங்கால், மேலே கூறிய மூவகை வடிவும் ஒரு பொருளையே குறித்தன என்னும் நூற்கருத்து உறுதிப்படும்.

பனைமலை ஓவியம் பிழைத்தது எவ்வாறு? யாரும் பேணியதனால் அன்று. ஒரு மூலையிற் கிடந்ததால் எண்ணெய்ப் புகையும் கற்பூரப் புகையும் அதிகம் எட்டவில்லை; பழுதுபார்ப்போர் கையும் எட்டவில்லை. நாம் மிகுதியாய்ப் போற்றிய இடங்களில் ஓவியம் அழிந்தது; நாம் மறந்த இடங்களில் எஞ்சியது. இதனை எழுத நாணமாகவே உள்ளது.

இனித் தஞ்சைக்குச் செல்வோம். சிங்கபுர நாட்டைப் பற்றித் தொடங்கிய கட்டுரை தஞ்சைக்குத் தாவுதல் என்னையெனின், காரணம் உண்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உட்சுற்றிலே தீட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் நம் பகுதியின் கதையே. பனைமலைக்குத் தெற்கே, பெண்ணையாற்றின் தென்பால் திருமுனைப்பாடி நாட்டிலே, திருநாவலூரும் திருவெண்ணெய்நல்லூரும் உள்ளன. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பிறந்ததும், திருமணப் பந்தரில் முதியவராய் வந்த இறைவன் ஓலை காட்டி அவரை ஆட்கொண்டதும் இந்நாட்டில் நிகழ்ந்தனவே.

இராசராசப் பெருவேந்தன் 1010-இல் முடித்த அக்கோயிலில், கருவறையைச் சூழ்ந்து இரட்டைச் சுவரினிடையே இருண்ட சுற்று ஒன்று செல்கின்றது. அதன் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்களே நெடுநாள் காணப்பட்டன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் 1931-இல் அச்சுற்றிற் புகுந்து ஆராய்ந்தபோது, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அதனடியே வேறோர் ஓவியத்தின் கோடுகள் தோன்றக் கண்டார். கோடுகளின் மென்மையும் உருவங்களின் எடுப்பும் அவை சோழர் காலத்தன என்பதை அவர்க்கு உணர்த்தின. ஒன்பது நூற்றாண்டுகளாகச் சுவரிலேயே இருந்தும் காணப்படாதிருந்த திருவுருவங்கள் அவ்வாண்டில் வெளிப்பட்டன. காஞ்சியில் பல்லவர் ஓவியமும் தஞ்சையில் சோழர் ஓவியமும் ஒரே ஆண்டில் புலப்பட்டது தமிழ்நாட்டார் செய்த தவப்பயன் போலும்.

மேற்குச் சுவரில் சுந்தரர் வரலாறு விரிகின்றது. திருமணத்திற்கு அடிசில் ஆக்கும் மடைப்பள்ளியும், விருந்தினர் குழாமும், ஓலையைக் கையிற் பிடித்த முதியவரும், வழக்குக் கேட்கும் அவையத்தாரும் ஒரு பகுதியில் உள்ளனர். மற்றொரு பகுதியில், வெள்ளையானையின்மேல் நம்பியாரூரரும் குதிரையின்மேல் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரைகின்றனர். மேலே கயிலையில் பெருமான் புலித்தோல்மேல் வீற்றிருந்து ஆடன்மகளிர் ஆடலைக் காண்கின்றார். தில்லைக் கூத்தப்பிரானை அரச குடும்பத்தினர் வழிபடுங் காட்சியும் உண்டு. வடசுவரில் முப்புரமெரித்த பெருமான் தேர்மேல் நின்று வில்வளைத்த கோலம். எதிரே அசுரரும், அவர்தம் தோள்பற்றி அஞ்சும் மனைவியரும். தென்னாட்டு ஓவியத்தில் இத்துணை வீறுபட்ட உருவம் பிறிதொன்றைக் காட்டல் அரிது.

இங்கே நாம் நின்று எண்ண வேண்டிய பொருள் ஒன்று உண்டு. சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில். அஃதாவது 12-ஆம் நூற்றாண்டில். தஞ்சை ஓவியமோ 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. எனவே, பெரியபுராணம் எழுந்ததற்கு நூறாண்டுக்கு மேல் முன்னரே, ஓலைவழக்கும் வெள்ளையானை ஊர்தியும் கோயிற் சுவரில் முழுமையாய்த் தீட்டப்பெறும் அளவுக்கு நாடறிந்த வரலாறாய் இருந்தன என்பது பெறப்படும். சேக்கிழார் கதையைப் புனைந்தார் என்று கூறத் துணிவார்க்கு இச்சுவரே விடை. நம்பியாரூரர் தாமே தம் பதிகங்களில் தம்மை ஆட்கொண்ட செய்தியைக் குறித்துள்ளார். நம்பியாண்டார் நம்பியும் அந்தாதியிற் சுருங்கக் கூறியுள்ளார். அக்குறிப்புக்கும் சேக்கிழாரின் விரிவுக்கும் இடையே நின்று, கதை எவ்வாறு வழங்கியது என்பதைக் கண்முன் காட்டும் சான்று இவ்வோவியமே. முதியவர் எவ்வாறு நின்றார், அவையத்தார் எவ்வாறு அமர்ந்தனர், அடிசிற்சாலை எத்தகையது என்பனவெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லாத செய்திகள். ஏடு கரையான் வாய்ப்பட்டால் படியெடுத்த வேறோர் ஏடு பிறிதோரிடத்திற் கிடைத்தல் கூடும், சுவருக்குப் படியில்லை.

அவ்வாறாயின், மேலே தீட்டப்பட்ட நாயக்கர் ஓவியத்தை யாது செய்வது? அதுவும் பெருமான் திருவுருவந்தானே. அதுவும் அன்பர் கைப்பணிதானே. பழமை மிகுந்ததைக் காணும் ஆசையால் பழமை குறைந்ததைச் சுரண்டியெறிதல் அறமாகுமா? இந்திய அரசின் தொல்லியல் துறையைச் சார்ந்த வேதியியல் அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டனர். மேற்பூச்சினை ஓவியத்தோடு சிதையாது தனியே பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளிற் பதித்துச் சட்டமிட்டனர். கீழுள்ள சோழர் ஓவியமும் வெளிப்பட்டது. மேலிருந்த நாயக்கர் ஓவியமும் அழியவில்லை. இத்தகைய வேலை மிகுந்த பொறுமையையும் கைத்திறத்தையும் வேண்டுவது.

ஆயினும் எம் உள்ளத்தில் ஒரு குறை நின்றது. சட்டத்துள் அமைந்த ஓவியம் எங்கே மாட்டினும் ஓவியமாம். சுவரோவியமோ இடத்தோடு பிணைந்தது. தஞ்சைச் சுற்றில் வலம்வருவான் மேற்கே அடியாரை ஆட்கொண்டானைக் கண்டு, வடக்கே திரும்பி முப்புரம் எரித்தானைக் காண்பான். முப்புரம் என்பன மும்மல காரியம் என்று திருமூலர் நமக்கு உரைத்த பொருளை எண்ணி நடப்பார்க்கு, அவ்வலமே ஓர் ஓதுதல் போன்றது. பெயர்த்தெடுத்த ஓவியம் இவ்வோட்டத்தை இழந்துவிடுகின்றது. பெயர்த்தது பிழை என்று யாம் கூறவில்லை. வேறு வழியில்லாதபோது செய்த அறுவை அது. எங்கும் அதனையே செய்யலாம் என்று கொள்ளுதல் தான் பிழை.

ஓவியங்களைப் பேணும் முறையை அறிதற்கு, அவை தீட்டப்பட்ட முறையை அறிதல் வேண்டும். சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தில் பழம்பொருட் பாதுகாப்பிற்கென 1930-இல் வேதியியற்கூடம் ஒன்று அமைந்தது. அங்குப் பணிபுரிந்த எஸ். பரமசிவன் அவர்கள் தஞ்சை, காஞ்சி, சித்தன்னவாசல் ஆகிய இடங்களின் ஓவியப் பூச்சுக்களை ஆராய்ந்து 1930-களில் கட்டுரைகள் வெளியிட்டார். தஞ்சையில் சுண்ணப்பூச்சு ஈரமாயிருக்கும்போதே வண்ணம் தீட்டப்பட்டது என்பது அவர் கண்ட முடிபு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்லாய் இறுகும். இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள்ளே பிணைத்துக்கொள்ளும். பசை வேண்டுவதில்லை, சுவரே பசை. காவிக்கல், மஞ்சட்காவி, கரி, சுண்ண வெண்மை, பச்சைமண் என்றிவை போன்ற, சுண்ணாம்பின் காரத்திற்கு மாறாத மண்வண்ணங்களே இம்முறைக்கு ஏற்றன. பூச்சு உலருமுன் தீட்டி முடிக்க வேண்டுமாகலின், ஓவியன் கை தடுமாறலாகாது, அழித்தெழுதவும் இயலாது. தஞ்சையில் ஆளுயரத்திற்கு மேற்பட்ட உருவங்களையும் ஒரே ஓட்டத்தில் வரைந்த கோடுகளைக் காணும்போது, அவ்வோவியர் பெயரை எவரும் கல்லிற் பொறியாது விட்டனரே என்று நெஞ்சு வருந்தும். விளக்கெரிப்பார் பெயரையும், ஆடன்மகளிர் நானூற்றுவர் பெயரையும் கல்லில் வெட்டுவித்தவன் இராசராசன்!

இத்தகைய ஓவியத்திற்குப் பகை எவை? முதற்பகை நீர். மேற்றளத்தில் விரிசல் வழியே இறங்கும் மழைநீர் கல்லிலும் சுண்ணத்திலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொணரும். நீர் உலரும்போது உப்பு மணிமணியாய் இறுகி, பூச்சினைப் பின்னின்று தள்ளும். வண்ணம் உதிர்வது இதனாலேயே மிகுதி. ஆதலின், ஓவியத்தைப் பேணுவான் முதற்கண் தொடவேண்டுவது ஓவியத்தையன்று, கூரையை. இரண்டாவது, புகையும் எண்ணெயும் வௌவால் எச்சமும். மூன்றாவது, நாமே. வெள்ளையடித்தலும், ஆணியறைதலும், மின்விளக்குக் கம்பிகளைச் சுவரில் ஓட்டுதலும், பெயர் கீறுதலும் எல்லாம் இதில் அடங்கும்.

பழுதுநீக்குவார் செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தோன்றாத வேலை. பூச்சு பிதுங்கி உள்ளே வெறுமையான இடங்களைத் தட்டிக் கேட்டறிந்து, மெல்லிய ஊசியால் உள்ளே பிணைப்புப்பொருளைச் செலுத்தி, சுவரோடு அழுத்தி நிறுத்துவர். உடைந்த விளிம்புகளைச் சுண்ணச் சாந்தால் அணைகட்டுவர். அழுக்கினை ஒரு சிறு மூலையில் சோதித்த பின்னரே சிறிது சிறிதாய் நீக்குவர். உதிர்ந்துபோன இடத்தில் புதிதாய் ஒன்றும் வரையார். கண்ணை உறுத்தாத ஒரே மங்கல் நிறம் கொடுத்து விட்டுவிடுவர். எஞ்சியது எது, இழந்தது எது என்று பின்வருவான் அறிய வேண்டும் என்பதே இதன் கருத்து.

நல்லெண்ணத்தோடு செய்ததும் தீங்காய் முடிதல் உண்டு. அசந்தா ஓவியங்களைக் காக்க விரும்பிய ஐதராபாத் நிசாம் அரசினர், 1920-இல் இத்தாலிய நாட்டிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்னும் வல்லுநர் இருவரை வருவித்தனர். அவர்கள் உதிரும் பூச்சினைச் சுவரோடு பிணைத்து நிறுத்தியது பெரும்பயன் தந்தது. ஆனால், ஓவியத்தின்மேல் அவர்கள் பூசிய அரக்கு மெழுகு காலஞ்செல்லச் செல்லப் பழுத்துக் கருத்து வண்ணங்களை மூடியது. பின்வந்த வேதியியலார் அதனை நீக்கப் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது. அதற்கு முன் அவ்வோவியங்களைப் படியெடுத்தவர் கதையும் இரங்கத்தக்கது. இராபர்ட் கில் ஆண்டுக்கணக்காய் வரைந்த படிகளுட் பெரும்பாலன 1866-இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நேர்ந்த தீயில் எரிந்தன; அவர்க்குப்பின் கிரிபித்சு மாணாக்கரோடு வரைந்த படிகளுள்ளும் பல 1885-இல் தீக்கிரையாயின. படியிருக்கின்றதே என்று மூலத்தைக் கைவிடுவார் இதனை நினைவிற் கொள்க.

இனி, நம்மவர் சிலர் எழுப்பும் தடையொன்றை ஆராய்வோம். சிதைந்த திருவுருவைக் கோயிலில் வைத்தல் ஆகாதென்றும், அதனை நீக்கிப் புதியதை அமைத்தலே சீர்ணோத்தாரண விதியென்றும் ஆகமங் கூறுகின்றது. ஆகலின், மங்கிய ஓவியத்தைச் சுண்ணத்தால் மறைத்துப் புதிதாய்த் தீட்டுதலே முறையாம் என்பர். இது பொருந்துமா? அவ்விதி, பிரதிட்டை செய்யப்பெற்றுப் பூசை கொள்ளும் மூர்த்திகளை நோக்கியது என்பதே எம் துணிபு. உட்சுற்றின் சுவரில் வரைந்த சுந்தரர் வரலாற்றிற்கு ஆவாகனமும் இல்லை; நித்திய பூசையும் இல்லை. அஃது அடியார்க்கு அறிவு கொளுத்தும் ஏடு போல்வது. ஏட்டில் எழுத்து மங்கினால் நாம் புதிய ஏடு எழுதுகின்றோம். பழைய ஏட்டை மையாற் பூசி மறைக்கின்றோமா? புதிய ஓவியம் வேண்டுமாயின் புதிய சுவர்கள் எத்தனையோ உள்ளன. இன்றைய திருப்பணிகளில் எழும் மண்டபங்களெல்லாம் வெறுஞ்சுவராகவே நிற்கின்றன. அவற்றில் தீட்டுவிக்க யார் தடை செய்தார்?

இன்னொரு சாரார், தொல்பொருள் ஆராய்ச்சியாளர் கோயிலைக் காட்சிச்சாலை ஆக்கிவிடுகின்றனர், விளக்கேற்றவும் விடுகின்றிலர் என்று மனம் நோவர். இம்மனக்குறையில் உண்மை இல்லாமலில்லை. தஞ்சை உட்சுற்று பொதுமக்கள் புகாதவாறு அடைக்கப்பட்டுள்ளது. அங்குள்ளவற்றைப் படங்களிலே கண்டு மனநிறைவு கொள்ளவேண்டியுள்ளது. அடியார்க்காகத் தீட்டியதை அடியார் காண இயலாமை துன்பமே. ஆயினும், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் மூச்சின் ஈரமும், கை தடவலும், விளக்குப் புகையும் அக்குறுகிய சுற்றில் நுழையின், ஒரு தலைமுறைக்குள் அங்குக் காண்பதற்கு ஒன்றும் எஞ்சாது. ஆண்டிற்குச் சில நாளேனும், ஓதுவார் ஒருவர் முன்செல்ல, அன்பர் சிலர் சிலராய் உட்புகுந்து வலம்வரத் துறையினர் இடந்தந்தால் இரு திறத்தார் குறையும் தீரும் என்பது எம் விண்ணப்பம்.

வழிபாடும் பாதுகாப்பும் ஒத்துச் செல்லும் என்பதற்குத் திருவாரூர் தேவாசிரிய மண்டபம் எடுத்துக்காட்டாம். திருத்தொண்டத்தொகை எழுந்த வரலாற்றோடு தொடர்புடைய அம்மண்டபத்தின் மேற்கூரையில், முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகேசப் பெருமானைப் பெற்றுவந்த கதை வரிசை வரிசையாய்த் தீட்டப்பட்டுள்ளது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது என்பர். ஒவ்வொரு காட்சியின் கீழும் தமிழில் விளக்கம் எழுதப்பட்டுள்ளது. தீட்டியவன் சிங்காதனம் என்னும் ஓவியன் என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டுள்ளது. தஞ்சையிற் கிடையாத பேறு இது. ஒழுக்கும் புகையும் பாழாக்கிய இவ்வோவியங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் தனியார் அறக்கட்டளையொன்றின் முயற்சியால் வல்லுநரைக்கொண்டு தூய்மை செய்யப்பெற்றன. இவற்றைப்பற்றி விரிவான படநூலும் 2011-இல் வெளிவந்தது. புதிதாய் வரையாமல் உள்ளதையே நிலைபெறுத்தினர். கோயில் வழிபாடும் தொடர்ந்து நடைபெறுகின்றது.

பெருங்கோயில்களைப் பற்றிப் பேசுவார் தம் பூசையறையையும் சிறிது நோக்குதல் நலம். தஞ்சாவூர்ப் பலகைப் படங்கள் பல சைவ இல்லங்களிலும் திருமடங்களிலும் உள்ளன. பலாப்பலகையின்மேல் துணியொட்டி, சுக்கான்பொடியும் பசையும் சேர்த்துப் புடைப்பு வேலை செய்து, பொன்தகடு பதித்து வண்ணந் தீட்டியவை அவை. சுண்ணச் சுவரைப்போல் இவை கல்லாய் இறுகினவல்ல, பசையால் நிற்பன. நாட்கடனாக ஈரத்துணியால் துடைப்பின் பசை கரைந்து வண்ணம் நெகிழும். ஈரச்சுவரை ஒட்டி மாட்டினால் பின்பலகையிற் செல் ஏறும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரற்கடை வெளி வேண்டும். படத்தின் நேர்கீழே விளக்கு வைத்தலாகாது. சட்டம் பழுதுற்றால் பலர் அதனை எறிந்துவிட்டுப் புதுச்சட்டம் இடுகின்றனர்; பழைய சட்டமும் பின்பலகையும் படத்தின் வயதையும் தோற்றத்தையும் அறிவிக்கும் சான்றுகளாதலின், பழுதுபார்த்து அவற்றையே இடுதல் சிறந்தது.

கோயிற் பழுதுநீக்கம்பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பொன்று வழங்கியது. அதற்கு முன்பே, மணலை விசையோடு பீச்சிக் கல்லைத் துலக்கும் முறை கல்லெழுத்தையும் சிற்பத்தையும் தேய்த்தல் கண்டு தடுக்கப்பட்டது. சட்டம் வந்தது நன்றே. ஆனால், குடமுழுக்கு நாள் குறித்துவிட்டபின் சுண்ணாம்புக் கலயத்தோடு ஏணியில் ஏறும் ஆளிடம் சட்டநூல் இருப்பதில்லை. திருப்பணிக் குழுவினரே அவன் ஏறுமுன் சுவரைப் பார்த்தல் வேண்டும். மங்கலாகவேனும் நிறமோ கோடோ தோன்றின், அவ்விடத்தை விட்டுவைத்து, நிழற்படம் எடுத்து, தொல்லியல் துறைக்கு எழுதுக. பழைய வெள்ளையடிப்புப் படலம் படலமாய் உரிந்து நிற்கும் சுவராயின் இன்னும் கருத்தோடு நோக்குக. தஞ்சையில் கோவிந்தசாமி அவர்கள் கண்டதும் அத்தகைய உரிந்த இடமே.

செஞ்சிப் பக்கம் செல்லும் அன்பர், மேலைச்சேரியில் சிகரி பல்லவேச்சுரத்தையும், மண்டகப்பட்டு, தளவானூர்க் குடைவரைகளையும் வழிபட்டுப் பனைமலைக்கும் செல்க. வடபாற் கோட்டத்தினுள் கற்பூரம் ஏற்றுதலும், சுவரருகே தீபம் பிடித்தலும், கைபடத் தொட்டு வணங்குதலும் வேண்டா. பகலொளியிலேயே அம்மையின் திருவுருவம் தோன்றும். அடுத்த சுவரில் சிறிது நேரம் பொறுத்து நோக்கின், பெருமான் வீசிய கரங்களுள் சிலவும் புலப்படும்.

திருச்சிற்றம்பலம்